எரிமலை கடலில் இறக்கிய கப்பல்

பாலித் தீவின் துலாம்பென் கிராமத்தில், கடலுக்குப் புதியவர்கள்கூட ஒரு உலகப் போர்க் காலக் கப்பலின் மேல் மிதந்து வரலாம். படகு வேண்டாம், பெரிய அனுபவமும் வேண்டாம். ஆனால் இந்த எளிமை தானாக வந்ததல்ல. ஒரு மலை கொடுத்தது பாதி, கிராமத்துப் பெண்கள் தலையில் சுமந்து கொண்டுவருவது மீதி.

முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று துடுப்புக் காலணிகளை மாட்டிக்கொள்ள வேண்டும். முகக் கண்ணாடியை இறுக்கி, கரையிலிருந்து சுமார் 30 மீட்டர் நீந்த வேண்டும். அவ்வளவுதான் பயணம். நிலக்கரித் தூள் போன்ற கறுப்பு மணல் சரிந்துகொண்டே போகிறது. அந்தச் சரிவில் திடீரென்று ஒரு நிழல் தெரிகிறது. நெருங்க நெருங்க அது சுவராகிறது, சுவர் கப்பலாகிறது. ஐந்து மீட்டர் ஆழத்தில் தொடங்கும் அதன் உடல் முப்பது மீட்டர் வரை இறங்குகிறது. நீளம் 120 மீட்டருக்கும் அதிகம். இரும்பென்று சொல்ல ஆங்காங்கே சில விலா எலும்புகள்தான் மிச்சம். மற்றதெல்லாம் பவளமும் கடற்பஞ்சும் விசிறி விரித்த கடல் உயிர்களும்.

உலகில் மூழ்கிய கப்பல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலானவை நடுக்கடலில், ஆழத்தில், நீரோட்டத்தின் நடுவே கிடப்பவை. பல ஆண்டுப் பயிற்சி உள்ளவர்களுக்கே அவை எட்டும். துலாம்பென்னில் கிடக்கும் 'லிபர்ட்டி' விதிவிலக்கு. இரண்டு நாள் பயிற்சி முடித்த ஒருவர்கூட, பயிற்சியாளரின் கையெட்டும் தூரத்தில் இருந்தபடி, இதன் மேல்பகுதியைச் சுற்றிவர முடிகிறது. ஸ்கூபா முக்குளிப்பில் முதல் அடி வைப்பவர்களுக்கு ஆசியாவில் அதிகம் சிபாரிசு செய்யப்படும் இடங்களில் ஒன்றாக இந்தக் குக்கிராமம் ஆனது இதனால்தான். 

அந்தக் கப்பல் அங்கே வந்த கதை விசித்திரமானது. அதைக் கடலில் மூழ்கடித்தது போர் அல்ல, மலை.

குண்டு பட்டும் மூழ்காத கப்பல்

'யு.எஸ்.ஏ.டி. லிபர்ட்டி' அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் 1918இல் கட்டப்பட்ட சரக்குக் கப்பல். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா ஆயிரக்கணக்கில் கட்டித் தள்ளிய 'லிபர்ட்டி' ரகக் கப்பல்களில் ஒன்று என்று இதைப் பலர் நினைப்பதுண்டு. அது தவறு. அந்த ரகம் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் மூத்தது இந்தக் கப்பல்.

1942 ஜனவரியில், ரயில்வே உதிரி பாகங்களும் ரப்பரும் ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து பிலிப்பைன்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தது லிபர்ட்டி. ஜனவரி 11ஆம் தேதி, பாலிக்கும் லொம்போக் தீவுக்கும் நடுவே உள்ள நீரிணையின் அருகில், ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஐ-166 அதன் மீது டார்பிடோவை ஏவியது. காயம் பட்டதே தவிர லிபர்ட்டி உடனே மூழ்கவில்லை. அமெரிக்க நாசகாரிக் கப்பலான 'பால் ஜோன்ஸ்', டச்சு நாசகாரிக் கப்பலான 'வான் கென்ட்' இரண்டும் சேர்ந்து அதைக் கட்டி இழுத்தன. பாலியின் வடகரையில் உள்ள சிங்கராஜா துறைமுகத்துக்குக் கொண்டுபோவது திட்டம். அப்போது இந்தோனேஷியா டச்சுக்காரர்கள் கையில் இருந்தது.

வழியிலேயே கப்பலுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. சிங்கராஜா வரை தாங்காது என்று தெரிந்ததும், சரக்கையாவது காப்பாற்றலாம் என்று துலாம்பென் கரையில் தட்டவிட்டார்கள். அதோடு அதன் கடற்பயணம் முடிந்தது. அடுத்த சில வாரங்களில் பாலியும் ஜப்பானியர் வசமானது. கழற்ற முடிந்ததைக் கழற்றி எடுத்த பிறகு, கறுப்புக் கூழாங்கற்கள் நிறைந்த அந்தக் கரையில் இருபத்தொரு ஆண்டுகள் துருப்பிடித்துக்கொண்டு நின்றது இரும்பு உடல்.

இதற்கெல்லாம் மேலே நின்றது குனுங் அகுங். உயரம் சுமார் 3,000 மீட்டர். பாலியின் மிக உயர்ந்த மலை, மிகப் புனிதமான மலை. இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்தத் தீவில் தெய்வங்கள் குடியிருக்கும் இடமே அகுங்தான். வீட்டில் தலைமாடு எந்தப் பக்கம், கோயில் எந்தத் திசை என்பதைக்கூட அந்த மலையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். துலாம்பென்னிலிருந்து அதன் உச்சி, பறவைக் கணக்கில் சுமார் 12 கிலோமீட்டர்.

ருத்ரனுக்கு விழா, மலையிலிருந்து நெருப்பு

1963 பிப்ரவரி 18. நூறாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்த அகுங் உறுமத் தொடங்கியது. ஒரு வாரத்துக்குள் வடக்குச் சரிவில் எரிமலைக் குழம்பு வழிய ஆரம்பித்தது. மலையின் தென்மேற்குச் சரிவில் உள்ள பெசாகி, பாலி இந்துக்களின் தாய்க் கோயில். அங்கே அந்த நாட்களில்தான் நூறாண்டுக்கு ஒரு முறை நடக்கும் 'ஏகாதச ருத்ர' விழாவுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மலை புகைந்துகொண்டிருக்கும்போதே சடங்குகள் தொடர்ந்தன.

மார்ச் 17இல் அகுங் வெடித்தது. கொதிக்கும் சாம்பலும் வாயுவும் கலந்த மேகங்கள் சரிவுகளில் பாய்ந்தன. பிறகு மழை பெய்தபோது சாம்பல் சேறாகி ஆற்றுப் பள்ளங்கள் வழியே ஊர்களுக்குள் இறங்கியது. மே மாதம் மறுபடியும் ஒரு பெரிய வெடிப்பு. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீவின் கிழக்குப் பகுதியில் வயல்கள் சாம்பலுக்கு அடியில் போயின. வானில் மிக உயரத்துக்குச் சென்ற கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் தடுத்ததால், உலக வெப்பநிலையே சிறிது குறைந்ததை விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். பெசாகி கோயிலை மட்டும் எரிமலைக் குழம்பு சில மீட்டர் இடைவெளியில் விட்டுவிட்டுப் போனது. அதைத் தெய்வ சங்கல்பம் என்றே பாலி மக்கள் நம்புகிறார்கள். அந்த முறை உரிய விதத்தில் அமையவில்லை என்று, 1979இல் விழாவை மறுபடி நடத்தினார்கள்.

அந்த 1963இல், மலையின் நடுக்கத்தில் கடற்கரை குலுங்கியது. கரையில் கிடந்த லிபர்ட்டி நழுவி, தண்ணீருக்குள் சரிந்து, பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. ஜப்பானிய டார்பிடோ தொடங்கிய வேலையை இருபத்தொரு ஆண்டு கழித்து எரிமலை முடித்தது. கரைக்கு இணையாக, கரையிலிருந்து நடந்தும் நீந்தியும் போகும் தூரத்தில், வெளிச்சம் எட்டும் ஆழத்தில் அது கிடப்பது வெறும் தற்செயல். ஆனால் திட்டமிட்டுச் செய்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக அமைந்திருக்காது.

மணலுக்கு வாய்த்த இரும்பு

எரிமலை மணலில் பவளம் வேரூன்றுவது கடினம். சரிவில் மணல் எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும். பவளத்தின் இளம் உயிரிக்கு ஒட்டிக்கொள்ளக் கெட்டியான, அசையாத பரப்பு தேவை. கறுப்பு மணலின் நடுவே 120 மீட்டர் நீளத்துக்கு இரும்பு கிடைத்ததும் அது பற்றிக்கொண்டது. பவளம் வந்ததும் அதை மேயும் மீன்கள் வந்தன, அவற்றைத் தின்னும் மீன்கள் வந்தன. அறுபது ஆண்டுகளில் ஒரு சரக்குக் கப்பல் பவளப்பாறையாக மாறிவிட்டது.

முதல் முறை இறங்குபவரை வரவேற்பது கப்பல் அல்ல, வழியில் உள்ள மணல். நூற்றுக்கணக்கான மெல்லிய விலாங்குகள் பாதி உடலை மண்ணில் புதைத்துக்கொண்டு, நாற்றங்கால் போல நீரோட்டத்தில் அசைந்துகொண்டிருக்கும். மனிதர் நெருங்கியதும் ஒரே நேரத்தில் உள்ளே இழுத்துக்கொள்ளும். கப்பலின் மேலே பாறை மீன்கள் கூட்டமாகச் சுழன்றுகொண்டிருக்கும், வெள்ளித் தூண் ஒன்று தானாகச் சுற்றுவது போல. விடியற்காலையில் போனால், தலையில் பெரிய புடைப்புடன் ஒரு மீட்டருக்கும் நீளமான கிளிமீன்கள் கப்பலின் இடுக்குகளில் இரவைக் கழித்துவிட்டு வெளியேறுவதைப் பார்க்கலாம். கூர்ந்து பார்க்கத் தெரிந்தவருக்கு, விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய கடல் குதிரைகள் விசிறிப் பவளத்தில் ஒளிந்திருப்பது தெரியும்.

புதியவருக்கு இந்த இடம் ஏன் உகந்தது என்பதற்குக் காரணங்கள் உண்டு. ஒன்று, ஆழம் படிப்படியாக வருகிறது. இரண்டு, விரிகுடாவில் பெரும்பாலான நாட்களில் நீரோட்டம் குறைவு. லொம்போக் நீரிணையின் நடுவில் ஓடும் வேகமான, சில்லென்ற நீரோட்டங்களோடு ஒப்பிட்டால் இது குளம். மூன்று, தண்ணீரின் வெப்பநிலை ஆண்டின் பெரும்பகுதியில் 26 முதல் 29 டிகிரி. நான்கு, படகு இல்லை. அலையில் ஆடும் படகிலிருந்து பின்னோக்கி விழ வேண்டியதில்லை, குமட்டல் இல்லை. மனம் ஒப்பவில்லை என்றால் திரும்பி நடந்து கரைக்கு வந்துவிடலாம். முதல் முறை இறங்குபவருக்கு இந்தக் கடைசி வசதி கொடுக்கும் தைரியம் சாதாரணமானதல்ல.

இந்தியாவின் எரிமலைத் தீவோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும். அந்தமான் கடலில், ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (முன்பு போர்ட் பிளேர்) சுமார் 140 கிலோமீட்டரில் உள்ள பாரன் தீவு, நாட்டின் ஒரே செயல்படும் எரிமலை. நெடுங்காலம் உறங்கி 1991இல் விழித்து, அதன் பிறகும் பலமுறை புகைந்த தீவு. அதன் கடலடியிலும் கறுப்பு மணலும் செழித்த பவளமும் உண்டு. ஆனால் தீவில் யாரும் குடியில்லை, கரையிறங்க அனுமதியில்லை. செங்குத்தாகக் கீழிறங்கும் பாறைகள், திறந்த கடல், நீண்ட படகுப் பயணம். ஏதாவது நேர்ந்தால் உதவி பல மணி நேரத் தொலைவில். அது கைதேர்ந்தவர்களுக்கான இடம். எரிமலைத் தீவு என்ற பெயர் ஒன்றானாலும் துலாம்பென் வேறு, பாரன் வேறு.

சும்மாட்டின் மேல் சிலிண்டர்

துலாம்பென் அமைந்துள்ள கரங்காசெம் மாவட்டம், சுற்றுலாப் படங்களில் வரும் பாலி அல்ல. அடுக்கடுக்கான பச்சை வயல்கள் தீவின் தெற்கிலும் நடுவிலும். வடகிழக்குக் கரை மழை மறைவுப் பகுதி. காய்ந்த சரிவுகள், எரிமலைக் கற்கள், நம்மூர்ப் பனையின் அதே இனமான பனை மரங்கள். கள்ளிறக்குவது, மீன் பிடிப்பது, மானாவாரியாகக் கொஞ்சம் சோளம், பக்கத்துக் கரைகளில் உப்புக் காய்ச்சுவது. இவைதான் காலங்காலமாகத் தெரிந்த பிழைப்பு. கரை நெடுகக் கிடக்கும் கல்லை விற்க முடியாது, கரையில் கிடந்த கப்பலை உண்ண முடியாது.

1980களுக்குப் பிறகு முக்குளிப்பவர்கள் வரத் தொடங்கியதும் நிலைமை மாறியது. தங்கும் விடுதிகள், பயிற்சி நிலையங்கள், காற்று நிரப்பும் கம்ப்ரசர்கள். அவற்றோடு இன்னொரு தொழிலும் பிறந்தது, சிலிண்டர் சுமப்பது. 

முழுதாகக் காற்று நிரப்பிய ஒரு அலுமினிய சிலிண்டர் பதினைந்து கிலோவுக்கு மேல் எடை. அதோடு மிதவைச் சட்டையும் சுவாசக் குழாய்களும் சேர்ந்தால் இருபதைத் தொடும். கரையில் இருப்பதோ மணல் அல்ல, தேங்காய் அளவுள்ள வழவழப்பான உருண்டைக் கற்கள். காலை வைத்தால் புரளும். வெறுங்கையோடு நடக்கும் வெளியூர்க்காரரே தள்ளாடும் இடத்தில், கிராமத்துப் பெண்கள் தலையில் சும்மாடு வைத்து அதன் மேல் சிலிண்டரைக் கிடத்தி நடக்கிறார்கள். சிலர் ஒரே நேரத்தில் இரண்டு. காலில் ரப்பர் செருப்பு. நடையில் அவசரமில்லை, தடுமாற்றமுமில்லை. கோயிலுக்குப் பழக் கோபுரங்களைத் தலையில் சுமந்து போகும் பழக்கம் பாலிப் பெண்களுக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. அந்தக் கழுத்தும் முதுகும்தான் இங்கே தொழிலுக்கு மூலதனம்.

சுமப்பவர்கள் தங்களுக்குள் சங்கமாகச் சேர்ந்து முறை வைத்துக்கொள்கிறார்கள். வெளியூரிலிருந்து வரும் முக்குளிப்பு நிறுவனங்களும் சுமைக்கு உள்ளூர் ஆட்களையே அமர்த்த வேண்டும் என்பது ஊர் வழக்கம். கற்களில் சிலிண்டரோடு விழுந்து கணுக்காலை ஒடித்துக்கொள்ளாமல் ஒரு புதியவர் தண்ணீர் வரை வந்து சேர்வது இவர்களால்தான். ஆனால் விளம்பரப் படங்களில் மீன் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, சிரிக்கும் சுற்றுலாப் பயணி இருக்கிறார். சிலிண்டர் எப்படித் தண்ணீர் வரை வந்தது என்பது படத்தில் இல்லை.

ஊரில் யார் முதலில் பட்டினியைச் சந்திப்பார்கள் என்பது 2017இல் தெரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அகுங்கின் அடியில் நில அதிர்வுகள் அதிகரித்தன. செப்டம்பர் 22இல் எச்சரிக்கை உச்ச அளவுக்கு உயர்த்தப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடு வாசலையும் மாடுகளையும் விட்டு வெளியேறினார்கள். வடகிழக்குச் சரிவில் விலக்கு வட்டம் 12 கிலோமீட்டர் வரை நீண்டது. துலாம்பென் அதன் விளிம்பில். நவம்பரில் மலை சாம்பல் கக்கியது, பாலியின் விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. 1963ஐப் போன்ற பேரழிவு நடக்கவில்லை. ஆனால் சுற்றுலாப் பயணிகள் மறைந்தார்கள். 2019 வரை மலை விட்டுவிட்டுப் புகைந்தது. அது அடங்கி மூச்சு விடுவதற்குள் 2020இல் கொரோனா. பாலியின் பொருளாதாரம் அந்த ஒரே ஆண்டில் 9 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. விடுதி முதலாளி கடன் வாங்கிச் சமாளிக்கலாம். ஒரு சிலிண்டருக்கு இவ்வளவு என்று தினக்கூலி வாங்கும் பெண்ணுக்கு, முக்குளிப்பவர் வராத நாள் வருமானமே இல்லாத நாள்.

எளிது, ஆனால் விளையாட்டல்ல

1943இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் காஞானும் உருவாக்கிய சுவாசக் கருவிதான் இன்றைய ஸ்கூபாவுக்கு மூதாதை. அதன் சூட்சுமம் எளிமையானது. முக்குளிப்பவர் எந்த ஆழத்தில் இருக்கிறாரோ, அந்த ஆழத்தின் அழுத்தத்துக்கு ஏற்பக் காற்றை வாய்க்குத் தருகிறது. ஆகவே நுரையீரல் நசுங்குவதில்லை. ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

கடல் மட்டத்தில் நம் மேல் உள்ள அழுத்தம் பத்து மீட்டர் ஆழத்தில் இரண்டு மடங்காகிறது, இருபது மீட்டரில் மூன்று மடங்கு. பத்து மீட்டரில் நுரையீரல் நிறைய மூச்சை இழுத்து, பயந்துபோய் வாயை இறுக மூடிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரு மடங்காக விரியும். நுரையீரல் கிழியும். எனவே முக்குளிப்பின் முதல் பாடம், மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. குளத்தில் மூச்சடக்கி மூழ்கியே பழகிய நம்மவர்களுக்கு இந்தப் பாடம்தான் கடினம். முத்துக் குளித்தவர்களின் கலைக்கு நேர் எதிரானது இது.

இரண்டாவது பாடம் காது. இறங்க இறங்கச் செவிப்பறையை அழுத்தம் உள்நோக்கித் தள்ளும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் சரியாகும். வலி வந்த பிறகு ஊதுவதல்ல, வருவதற்கு முன்பே ஊத வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்று இறங்கவே கூடாது. மூன்றாவது பாடம் காற்றுக் கணக்கு. ஆழத்தில் ஒவ்வொரு மூச்சும் அதிகக் காற்றை விழுங்கும். மேலே ஒரு மணி நேரம் தாங்கும் சிலிண்டர் பத்து மீட்டரில் அரை மணிக்குத்தான். பதற்றப்படுபவருக்கு அதிலும் குறைவு. கைகால்களை அடித்துக்கொள்ளாமல் நிதானமாக மிதப்பவரே அதிக நேரம் கப்பலைப் பார்க்கிறார்.

துலாம்பென்னுக்கே உரிய சங்கடம் அதன் எளிமைதான். கரையிலிருந்து நடந்து போகக்கூடிய இடம் என்பதால், தெற்குக் கடற்கரை விடுதிகளில் தங்கியிருப்பவர்கள் மூன்று மணி நேரம் காரில் வந்து, இறங்கிப் பார்த்துவிட்டு, அன்றே திரும்புகிறார்கள். முற்பகலிலிருந்து பிற்பகல் வரை கப்பலைச் சுற்றி நெரிசல். முன்னே போகும் குழுவின் துடுப்பு கிளப்பும் மணல் பின்னே வருபவரின் கண்ணை மறைக்கிறது. யாருடைய பயிற்சியாளர் யார் என்ற குழப்பமும் வருகிறது. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்று கேட்காமலே பணம் கட்டுபவர்கள் உண்டு. 

ஆழமும் ஆசை காட்டும். அறிமுக முக்குளிப்பில் பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது சர்வதேச விதி. ஆனால் கப்பல் முப்பது மீட்டர் வரை சரிந்து கிடக்கிறது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கண் இழுக்கும். நேரம் தவறி, வேகமாக மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். அதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை தலைநகர் டென்பாசரில் இருக்கிறது. மலைச் சாலையில் அதுவும் சில மணி நேரப் பயணம். பெரும்பாலான பயிற்சி நிலையங்கள் இதையெல்லாம் பொறுப்போடு கவனிக்கின்றன. ஆனால் புதியவர் தன் பங்குக்குக் கேள்வி கேட்கத் தெரிந்திருப்பது நல்லது. 2023இலும் 2024இலும் பாலிக்கு வந்த வெளிநாட்டினரில் ஆஸ்திரேலியர்களுக்கு அடுத்த இடம் இந்தியர்களுக்கு. அவர்களில் பலருக்கு முகக் கண்ணாடி மாட்டிப் பார்க்கும் முதல் கடல் இதுவாகத்தான் இருக்கும்.

துருவுக்குப் பிறகு

லிபர்ட்டி என்றென்றும் இருக்கப்போவதில்லை. உப்பு நீர் இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது. மேல் தளங்கள் ஏற்கெனவே இடிந்து, உடல் பிளந்து கிடக்கிறது. அந்தப் பிளவுகள் வழியாக வெளிச்சம் உள்ளே வருவது அழகு, ஆனால் அது கப்பல் குலைந்துவருவதன் அடையாளம். ஒவ்வொரு நில அதிர்வும், பிடிமானத்துக்காகக் கம்பியைப் பற்றும் ஒவ்வொரு கையும், தெரியாமல் பவளத்தில் இடிக்கும் ஒவ்வொரு துடுப்பும் அதன் ஆயுளில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கின்றன. அகுங்கும் செத்த மலையல்ல. 1963இல் கப்பலைக் கொடுத்த அதே சரிவு, இன்னொரு பெரிய வெடிப்பில் சாம்பல் சேற்றைக் கொண்டுவந்து விரிகுடாவை மூடவும் கூடும்.

கிராமத்தார் இதை அறியாதவர்கள் அல்ல. எரிமலையின் நிழலில் வீடு கட்டியவர்களுக்கு எதுவும் நிரந்தரமில்லை என்று சொல்லித்தர வேண்டியதில்லை. கப்பலைத் தவிர, விரிகுடாவின் கிழக்கு முனையில் பழைய எரிமலைக் குழம்பு உறைந்த பாறைச் சுவரும், கறுப்பு மணலில் ஒளிந்து வாழும் சிற்றுயிர்களும் முக்குளிப்பவர்களை இழுக்கத் தொடங்கிவிட்டன. இரும்பு முழுக்கக் கரைந்துபோனாலும், அதன் மேல் வளர்ந்த பவளம் கொஞ்ச காலத்துக்காவது கப்பலின் வடிவத்தைத் தாங்கி நிற்கும். அப்போதும் புதியவர்கள் வருவார்கள். உருண்டைக் கற்கள் அப்போதும் புரளும். சிலிண்டரை யாராவது சுமந்துதான் ஆக வேண்டும்.

முதல் முறை இறங்குபவருக்கு

வயது: குறைந்தபட்சம் 10. ஆஸ்துமா, இருதய நோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை இருந்தால் டாக்டரின் ஒப்புதல் இல்லாமல் இறங்கக் கூடாது. கொடுக்கப்படும் மருத்துவப் படிவத்தில் உண்மையை மறைப்பது உயிருக்கே உலை வைக்கும்.

நீச்சல்: பயிற்சியாளரோடு ஒரு முறை இறங்கிப் பார்க்க நீச்சல் கட்டாயமில்லை. தண்ணீரில் அச்சமில்லாமல் இருந்தால் போதும். சான்றிதழ் பெறுவதற்கு 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும்.

ஆழம்: அறிமுக முக்குளிப்புக்கு 12 மீட்டர். தொடக்கநிலைச் சான்றிதழுக்கு 18 மீட்டர். கப்பலின் உள்ளே நுழைவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

மேலே வரும்போது: நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது. 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்றுவிட்டு வருவது பாதுகாப்பு.

நேரம்: துலாம்பென்னிலேயே இரவு தங்கி அதிகாலையில் இறங்குபவருக்குக் கூட்டமில்லாத கப்பல் கிடைக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம், தண்ணீர் கலங்கலாக இருக்கலாம்.

திரும்பும்போது: ஒரே முறை முக்குளித்திருந்தால் 12 மணி நேரம், பலமுறை என்றால் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏறலாம். பலர் மறந்துவிடுவது மலையை. அகுங், பாத்தூர் மலைகளில் ஏறுவதும், கிந்தாமணி வழியாக ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரும் சாலையில் காரில் திரும்புவதும் அதே ஆபத்தைத் தரும். மலை ஏற வேண்டுமானால் முதலில் மலை, பிறகு கடல்.

கரையில்: சிலிண்டரைச் சுமந்து வருபவருக்கான கூலி கட்டணத்தில் அடங்கியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அவரிடமே கொடுங்கள், பேரம் பேசாமல்.